பேராசிரியர் வீட்டுப் புல்

புல்வெட்டும் இயந்திரத்தின் கயிற்றை இழுத்து இழுத்துக் கொண்ட்வானிக்குத் தோள் இற்றுப்போனது. இயற்பியல் முதுகலை படிக்க மலாவியிலிருந்து ஜோகன்னஸ்பர்க் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. வந்த முதல் சனிக்கிழமையே பேராசிரியர் வீட்டுப் புல்.

அதில் அவனுக்கு வருத்தமில்லை. ஊரில் ஆசிரியர் வீட்டு மக்காச்சோளக் கொல்லையில் களை பிடுங்காமல் யார் படித்தார்கள்? அவன் கவலை வேறு. திங்கட்கிழமை ஆய்வுத் தலைப்பை உறுதி செய்தாக வேண்டும். பேராசிரியர் பூய்சன் கொடுத்திருந்த தலைப்பில் பெரிய ஓட்டை. வானத்திலிருந்து பொழியும் மியூவான் துகள்களைத் தங்கச் சுரங்கத்தில் இரண்டு கிலோமீட்டர் ஆழத்தில் எண்ண வேண்டுமாம், உள்ளங்கை அளவுக் கருவியை வைத்து. அத்தனை பாறையைத் தாண்டி எத்தனை வந்து சேரும்? படிப்பு முடிவதற்குள் நாலைந்து விழுந்தால் அதிகம். நாலு துகளுக்கு எவன் பட்டம் கொடுப்பான்? வெறுங்கையோடு ஊர் திரும்ப வேண்டியதுதான். ஆனால் ஆசிரியரைப் பார்த்து உங்கள் கணக்கு தப்பு என்று சொல்ல அவனுக்கு வாய் வராது.

பேராசிரியர் விடுப்பில் இருந்ததால் முகம் பார்த்ததில்லை. எல்லாம் மின்னஞ்சலில்தான். சனிக்கிழமை வீட்டில் கறி சுடுகிறோம், உன் கறியை நீயே கொண்டு வந்துவிடு, வாசலில் பெரிய ஜகராண்டா மரம் நிற்கும் என்று எழுதியிருந்தார். மரம் தெருவுக்கே குடை பிடித்தது போல நின்றது. அதன் நிழலில் இருந்த முதல் கேட்டைத் தட்டினான்.

திறந்தவர் சிவந்த முகமும் அரைக்கால் சட்டையுமாக ஒரு வெள்ளைக்காரர். கொண்ட்வானி ஊர் வழக்கப்படி முழங்காலை லேசாக மடித்து, இரண்டு கையையும் மெல்லத் தட்டி வணங்கி, மலாவிக்காரன் என்றான்.

"வாப்பா, வா. மலாவி ஆளை அனுப்புறோம்னாங்க, காலையிலேர்ந்து உனக்காகத்தான் காத்திருக்கேன். என்னை ஹென்னின்னே கூப்பிடு."

கறிப் பொட்டலத்தை நீட்டினான். ஹென்னி பொட்டலத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். வாங்கி அடுப்போரம் வைத்துவிட்டுப் புல்வெட்டியைக் காட்டினார்.

புல்லை முடித்ததும் பேசிவிடலாம் என்று வேகமாக வெட்டினான். வேகமாக முடித்ததால் நீச்சல் குளமும் அவன் தலையில் விழுந்தது. குளத்துச் சருகை அள்ளிப் போட்டுவிட்டு, இனிப் பொறுப்பதற்கில்லை என்று ஈரக் காலோடு போய் நின்றான்.

"சார், நிலத்துக்கு அடியில ஒரு பிரச்சினை இருக்கு."

ஹென்னியின் முகம் மலர்ந்தது. "நீயும் கவனிச்சிட்டியா? மாசக்கணக்கா என் உயிரை வாங்குது."

"ரெண்டு கிலோமீட்டர் ரொம்ப ஆழம் சார்."

"அவ்வளவு எதுக்குப்பா? ரெண்டு அடி போதும்."

மனிதர் இவ்வளவு சுலபமாக இறங்கி வருவார் என்று கொண்ட்வானி நினைக்கவில்லை. சந்தோஷம் நிலைக்கவும் இல்லை. இரண்டு அடியில் மியூவான் மழை போலக் கொட்டும். அதை எண்ணச் சுரங்கம் எதற்கு? முன்னதைவிட இது மோசம். அதற்குள் மண்வெட்டி கைக்கு வந்துவிட்டது. தோட்டத்திலேயே சோதனை செய்யப் போகிறார் போலிருக்கிறது என்று, காட்டிய இடத்தில் தோண்ட ஆரம்பித்தான்.

மரத்துக்கு அந்தப் பக்கச் சுவரின் மேல் ஒரு தலை எட்டிப் பார்த்தது. கறுப்பர், தலை நரைத்தவர். கிரீஸ் அப்பிய நீல வேலை உடுப்பு, கையில் ஸ்பானர். அடுத்த வீட்டுக்கு வண்டி பழுது பார்க்க வந்தவராக்கும் என்று கொண்ட்வானி நினைத்துக்கொண்டான்.

"எலிக்கா தோண்டுற, தம்பி?"

"எலி இல்லண்ணே, மியூவான். உங்களுக்குப் புரியாது."

"புரியிற மாதிரிச் சொல்லேன்."

வேற்று ஆள் என்றதும் நாக்கு கட்டவிழ்ந்தது. தலைப்பு, சுரங்கம், நாலு துகள், பேராசிரியரை இன்றுதான் முதன்முதலாகப் பார்ப்பது, எல்லாவற்றையும் கொட்டினான். சுரங்கத்தின் மேல் தளத்தில் தொடங்கி, தளம் தளமாகக் கீழே இறங்கி, துகள் எப்படிக் குறைகிறது என்று அளந்தால் உருப்படியான ஆய்வாகும் என்றான். அந்த மனிதர் ஸ்பானரைச் சுவர்மேல் வைத்துவிட்டுக் கேட்டார். மேல் தளத்தில் ஒரு நாளைக்கு எத்தனை விழும், கருவி ஈரத்தைத் தாங்குமா என்று துருவித் துருவி வேறு கேட்டார். ஆளுக்கு வேலை இல்லை போலும்.

"நல்லாத்தானே இருக்கு. அவர்கிட்டச் சொல்லிட வேண்டியதுதானே?"

"எப்படிண்ணே சொல்றது? பள்ளிக்கூடப் பையன் போடுற தப்பு. மனுஷன் இடிஞ்சு போயிடுவார்."

"தாங்கிக்குவார்." இருமலை அடக்குவது போல அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "ஆமா, முன்னப்பின்ன பார்த்ததில்லங்கிற. பேராசிரியர்னு பார்த்ததுமே கண்டுபிடிச்சிட்டியா?"

"முகத்துலயே எழுதியிருக்குண்ணே."

அவருக்குப் பின்னாலிருந்து, புகை நடுவே ஒரு பெண் குரல் கேட்டது.

"என்னங்க, கறி கருகுது. உங்க மலாவி மாணவன் வருவானா மாட்டானா?"