முதல் உதை எல்லப்பனுக்கே

வாழ்க எல்லப்பன்! வல்லக்கோட்டை வேலவன் காக்க அவன் முழங்காலை! மண்ணாண்ட மன்னரெல்லாம் ஆயுள் முழுதும் செங்கோல் ஓச்சினர். வல்லம் வடகால் கால்பந்துக் குழுவின் முன்கள வேங்கையாம் எம்மான் எல்லப்பனோ, ஆண்டுகள் பல ஆடி ஒரே கோல் ஓச்சினான். அதுவும் காற்று போட்ட கோல் என்பர் வயிறெரிந்தோர். ஓய்வுபெற்ற நாள்முதல் அக்கோலின் மாண்பை ஏர் மாட்டுக்கும் ஊராருக்கும் ஓயாது ஓதினான். கல்யாணப் பந்தியில் வடையை உதைத்துக் காட்டினான். பக்கத்து வீட்டுப் பாப்பம்மாளின் புருஷன் செத்த அன்று, பாடைக்கு வைத்திருந்த மூங்கில் இரண்டைக் கோல்கம்பமாக நட்டு அழுதவர்க்கெல்லாம் விளக்கினான்.

ஆயினும் அவன் நெஞ்சில் ஆறாத புண் ஒன்று இருந்தது. ஊருக்கு மிகவும் பிடித்த பழைய ஆட்டக்காரன் எவன் என்று டீக்கடையில் பேச்செழும் போதெல்லாம், கோல் காத்த கோலி மண்ணாங்கட்டி முதல்வன் என்றும் பின்களம் காத்த பேக் பரசுராமன் இரண்டாமவன் என்றும் தோழர் தீர்ப்பளிப்பர். மூன்றாமவன் யாரென எவரும் கேட்டதில்லை. எல்லப்பன் அப்போது டீ சொல்லப் போயிருப்பான்.

வந்தது எழுபத்து மூன்றாம் ஆண்டுக் கோடை. வற்றிய ஏரிக்குள் ஒரகடத்தாரோடு இறுதியாட்டம். பழைய ஆட்டக்காரருள் எவன் பெயருக்குக் கூட்டம் மிகுதியாக ஆர்ப்பரிக்கிறதோ அவனே பந்தை முதலில் உதைத்து ஆட்டத்தைத் தொடங்குவான் என விதித்தனர் பெரியோர். மைக் செட் கன்னியப்பன் முழங்கினான்: மண்ணாங்கட்டி உதைக்கலாமா, பரசுராமன் உதைக்கலாமா? இருவருக்கும் கைதட்டல் மழை பொழிந்தது. கேட்டுக் கலங்கிய எல்லப்பன், பரிவட்டத்துக்குரிய பேற்றை உதைக்கலாமா பதைக்கலாமா என்று கேட்பதும் ஒரு மரியாதையா எனச் சினந்து, கன்னியப்பன் காதில் குனிந்தான்.

"எனுக்கு மட்டும் கோயில்ல கூப்புடுறா மாதிரி சொல்லு நைனா. இன்னாருக்கேன்னு சொல்லணும்."

கன்னியப்பன் தொண்டையைச் செருமினான். "பெரியோர்களே, தாய்மார்களே! முதல் உதை எல்லப்பனுக்கே! குடுக்கலாமா?"

அந்தோ, அந்த ஆரவாரத்தை என்னென்பேன்! கரைப்பனைக் காக்கைகள் இருங்காட்டுக்கோட்டைத் திக்கில் பறந்தோட, பொட்டல் அதிர, விசில் விண்ணைப் பிளக்க, வேட்டியை மடித்துக் கட்டிய ஆடவர் முண்டியடித்து முன்னேற, பாப்பம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் வரிசைக்கு வந்தாள். "நல்லா குடுங்க!" என்றது கூட்டம் ஒரே குரலில். மண்ணாங்கட்டியும் பரசுராமனும் வாயைத் துண்டால் பொத்தித் தலைகுனிய, அதைத் தோல்வி நாணம் என்று கொண்ட எல்லப்பன் கண்ணீர் மல்க நாற்றிசையும் கும்பிட்டு, மூச்சை உள்ளிழுத்து, காலை ஓங்கி, பந்தை உதைத்தான்!

பந்து நான்கடி உருண்டு நின்றது. கூட்டம் பொறுமையாகக் காத்திருந்தது.

"இவ்ளோதானா?" என்றாள் பாப்பம்மாள்.

அவனை யாரும் உதைக்கப்போவதில்லை என்று தெரிந்ததும் பாதிக் கூட்டம் கலைந்து வீட்டுக்குப் போய்விட்டது.