எமெட் ஸ்வோபோடா மாட்டுக்கறி வாங்கிய கதை

அரை மணி நேரத்தில் நாற்பத்தோரு பேர் தின்றுவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் தள்ளுவண்டியில்கூட ஒரு கறிப் பாக்கெட் ஏறவில்லை.

எமெட் ஸ்வோபோடா பிஸ்கட் அடுக்குக்குப் பின்னால் ஒளிந்து நின்று எண்ணிக்கொண்டிருந்தார். கடை வாசலை ஒட்டி அவர் மனைவி லோரெட்டா, சிவப்பு ஏப்ரனோடு, மின்சார வாணலியில் ஸ்டேக் எனும் தடித்த மாட்டுக்கறித் துண்டை வாட்டி, சின்னத் துண்டுகளாகப் பல்குத்தியில் குத்தி, வருகிறவர்களிடமெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆகா, வெண்ணெய் மாதிரி இருக்கே! இன்னொண்ணு எடுத்துக்கலாமா?"

"தாராளமா! கடைசி வரிசையில, இறைச்சி அலமாரியில இருக்கு. முப்பதே பாக்கெட்தான்!"

தலையை ஆட்டுகிறார்கள். மாவு, சோப்பு, பால் என்று வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுகிறார்கள். எமெட்டுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாக்கு ஆமாம் என்கிறது, கை இல்லை என்கிறதே, இது என்ன ஜனம்?

விஷயம் சாதாரணமானதல்ல. விற்கிற ஒவ்வொரு மாட்டுக்கும் எமெட் போன்ற பண்ணைக்காரர்கள் ஒரு டாலர் பொது நிதிக்குக் கொடுக்கிறார்கள். விளம்பரம், சமையல் குறிப்பு, இந்தச் சாம்பிள் மேசை எல்லாம் அந்தக் காசில்தான். போன மாதம் வட்டாரக் கூட்டத்தில் பக்கத்துப் பண்ணை ஆர்லோ எழுந்து, "அந்த டாலரைக் கொளுத்தினா குளிருக்காவது ஆகும்" என்றார். சபை சிரித்தது. லோரெட்டா சிரிக்கவில்லை.

"நாலு சனிக்கிழமை குடுங்க. வித்துக் காட்டறேன்!"

சரக்கும் புதுசு. இதுவரை கொத்துக்கறியாக அரைத்துத் தள்ளிக்கொண்டிருந்த தோள்பட்டைக் கறியிலிருந்து புது விதமாக வெட்டியெடுத்த ஸ்டேக். இங்கே போணியானால் இந்தக் கடையின் பத்தொன்பது கிளைகளிலும் வைப்பார்கள். ஆகாவிட்டால் ஆர்லோவின் சிரிப்பை ஆயுசுக்கும் கேட்க வேண்டும்.

லோரெட்டாவின் புன்னகை கொஞ்சம் கொஞ்சமாகத் தொங்குவதை எமெட் பார்த்தார். அதற்கு மேல் தாங்கவில்லை. ஒரு தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு கடைசி வரிசைக்கு ஓடினார். முப்பது பாக்கெட்டையும் வாரிப் போட்டு, மேலே இரண்டு மூட்டை நாய்த் தீனியை வைத்து மறைத்து, செடி கொடி விற்கிற பிரிவின் பக்கவாசலில் பணத்தைக் கட்டிவிட்டு வெளியேறினார்.

மத்தியானம் லோரெட்டா வீட்டுக்குள் பறந்து வந்தாள்.

"எமெட்! முப்பதும் போயிடுச்சு! மேசையை மடிக்கறதுக்குள்ள அலமாரி காலி!"

"அப்படியா?" என்றார் எமெட், முடிந்த அளவு ஆச்சரியத்தோடு.

"இறைச்சிப் பிரிவு வெர்னுக்கே நம்ப முடியல. அடுத்த வாரம் அறுபது போடறாராம்!"

எமெட் காபியைக் கீழே வைத்துவிட்டுப் பர்ஸைத் திறந்து எண்ணிப் பார்த்தார்.

அடுத்த சனிக்கிழமை ஜனங்கள் தாமாகவே வாங்குவார்கள் என்று நம்பித்தான் போனார். அதே கதை. தின்றார்கள், புகழ்ந்தார்கள், சோப்பு வாங்கப் போனார்கள். அறுபது பாக்கெட்டும் வைத்த இடத்தில் இருந்தன. எமெட் இந்த முறை நாலு மூட்டை நாய்த் தீனி வாங்க வேண்டியதாயிற்று.

"பெரிய குடும்பமோ?" என்றாள் பணம் வாங்கும் பெண்.

"சர்ச்சுல விருந்து."

"எந்த சர்ச்? எங்க சர்ச்சுல ஒண்ணும் சொல்லலையே!"

"பக்கத்து ஊரு," என்று சொல்லிவிட்டு ஓடினார். வீட்டில் இருந்தது ஒரே ஒரு நாய். அதுவும் கிழம்.

மூன்றாம் வாரம் நூற்றிருபது வந்தது. கொட்டகையிலிருந்த பழைய ஃப்ரீசர் நிரம்பி, மூடி மேல் ஒரு டிராக்டர் டயரை வைத்து அழுத்தியிருந்தார். வேறு வழியில்லாமல் ஆர்லோவிடமே போய் நின்றார்.

விஷயத்தைக் கேட்ட ஆர்லோ வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "யோவ், மாட்டை வித்த நீயே அதைத் திரும்ப வாங்கிட்டு இருக்கியா? அதுவும் கடை விலைக்கு?"

"சிரிக்காதய்யா. உன் ஃப்ரீசர்ல இடம் இருக்கா, இல்லையா?"

"இருக்கு. ஆனா பாதி கறி எனக்கு."

"எடுத்துத் தொலை."

சனிக்கிழமை எமெட்டுக்குப் பதிலாகக் கொஞ்சம் வாங்க ஆர்லோ கறுப்புக் கண்ணாடியும் பெண்டாட்டியின் தொப்பியுமாக வந்தார். வண்டி நிறைய ஸ்டேக்கோடு நேரே போய் லோரெட்டா எதிரிலேயே முட்டிக்கொண்டார். அன்று சாயங்காலம் லோரெட்டாவுக்குச் சந்தோஷத்தில் நாற்காலியில் உட்கார முடியவில்லை.

"ஆர்லோ வாங்கறான் எமெட், ஆர்லோ! யாருக்கும் தெரியக் கூடாதுன்னு வேஷம் போட்டுட்டு வந்து வாங்கறான்! விளம்பரம்னா என்னன்னு இப்பவாவது தெரியுதா?"

"தெரியுது," என்றார் எமெட். உண்மையில் அவருக்கு இப்போது எதுவுமே தெரியவில்லை. தான் வாங்குவதால் கடைக்காரன் கூட்டுகிறான், கடைக்காரன் கூட்டுவதால் தான் வாங்குகிறார். இதில் சாப்பிடுகிறவன் எங்கே வருகிறான் என்று யோசித்தால் தலை சுற்றியது. இருநூற்று நாற்பது பாக்கெட் வேறு வரப்போகிறது.

வெள்ளிக்கிழமை, கன்றுக்குப் போடும் மருந்தைத் தேடிக் கொட்டகைக்குள் போன லோரெட்டா, டயரைத் தள்ளிவிட்டு ஃப்ரீசரைத் திறந்தாள். வெகுநேரம் திரும்பி வரவில்லை. எமெட் போய்ப் பார்த்தபோது கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தாள். கையில் உறைந்துபோன ஒரு பாக்கெட்.

"எல்லாமே நீதானா?"

"கொஞ்சம் ஆர்லோவும்."

"ஒருத்தர்கூட வாங்கலையா எமெட்? நிஜமான ஒருத்தர்?"

எமெட் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார். "நல்லா இருக்குன்னாங்க லோரெட்டா. எல்லாருமே சொன்னாங்க. ஏன் எடுக்கலன்னுதான் எனக்குப் புரியல."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "எனக்காகத்தான் பண்ணினே. தெரியுது," என்றாள். "ஆனா பொய்யை வச்சுப் பத்தொன்பது கடைக்குப் போக முடியாது. காலையில வெர்ன்கிட்ட சொல்லிடலாம். ஆர்லோ சிரிச்சா சிரிக்கட்டும்."

மறுநாள் கடை திறந்ததும் இருவரும் இறைச்சி அலமாரி முன்னால் போய் நின்றார்கள். வெர்ன் இருநூற்று நாற்பதாவது பாக்கெட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"இதையெல்லாம் திரும்ப எடுத்துடுங்க வெர்ன்," என்றாள் லோரெட்டா. "இதை யாரும் கேட்கல. இதுவரைக்கும் வாங்கினது பூரா என் வீட்டுக்காரர்."

வெர்ன் எமெட்டைப் பார்த்தார். எமெட் தரையைப் பார்த்தார்.

"நூத்தி இருபதையுமா?"

"அதுக்கு முந்தின அறுபதையும், முப்பதையும்."

வெர்ன் கையுறையைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். அதற்குள் மருத்துவமனை நர்ஸ் உடையில் ஒரு பெண் காலி வண்டியை உருட்டிக்கொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தாள். மூவரையும் இடித்துத் தள்ளிவிட்டு ஸ்டேக் பாக்கெட்டுகளை எடுத்து எடுத்துப் போட ஆரம்பித்தாள்.

"கொஞ்சம் தள்ளுங்க! மூணு வாரமா சாம்பிளைத் தின்னுட்டு, கறி குளிர் விட்டுக் கெட்டுடக் கூடாதே, மத்த சாமானை எல்லாம் வாங்கிட்டுக் கடைசியா எடுத்துக்கலாம்னு வந்தா அலமாரி காலி. வார்டுல எட்டு பேரும் அப்படித்தான் ஏமாந்துட்டு இருக்கோம். அந்த நாய்த் தீனி ஆள் வந்து வாரிட்டுப் போறதுக்குள்ள எடுத்துடணும்!"