நான் இத்தாலியன் பேசிய துக்க வீடு

எனக்குப் பேச வராத பாஷை இன்னும் பிறக்கவில்லை. திருச்செங்கோட்டில் நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன், போர்வெல் லாரியோடு ஒரிசா வரை போய் அந்தந்த ஊர்ப் பேச்சிலேயே பேரம் முடித்தவன் நான். (பேங்க் மேனேஜரே எழுந்து வணக்கம் சொல்வார், விசாரித்துக்கொள்ளுங்கள்.)

இப்போது நியூ ஜெர்சியில் மகள் வீட்டோடு இருக்கிறேன். அந்த மகள் கவிதா, "அப்பா, மார்க்கோவோட பெரியப்பா தவறிட்டாரு. நீங்க வந்து 'சாரி'ன்னு சொல்லிட்டு உக்காருங்க, போதும்" என்றதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மார்க்கோ என் மாப்பிள்ளை, இத்தாலிக் குடும்பம். கல்யாணமாகி ஆறு மாதமாகியும் அவன் அப்பா, அதாவது என் சம்பந்தி, கவிதாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருடைய அண்ணன் சாவில் அவர் பாஷையிலேயே துக்கம் கேட்டால் மனுஷன் உருகிவிட மாட்டாரா?

'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்பதற்கு மாப்பிள்ளையிடம் இத்தாலியன் கேட்டு வாங்கினேன். போனில் ஒரு டீச்சரம்மா குழந்தைகளுக்கு இத்தாலியன் சொல்லித்தரும் வீடியோவும் கிடைத்தது. எவ்வளவு நீளமான வார்த்தையையும் துண்டு போடுகிறாள், துண்டுக்கு ஒரு கைதட்டல். அட, எனக்கென்றே செய்த பாஷை! நம் 'அம்-மா' மாதிரியே அவர்கள் 'மம்-மா'வும் நடுவில் பிளக்கிறது. பேஸ்மென்ட்டில் நடந்து நடந்து தட்டினேன். சென்-தி-தெ கொன்-தொ-லியான்-ட்ஸெ.

"கை தட்டாம சொல்லிப் பாத்தீங்களாப்பா?"

"அதெல்லாம் தானா வரும், கண்ணு."

மறுநாள் ஃப்யூனரல் ஹோமில் சவப்பெட்டி திறந்திருக்கிறது. மூச்சுச் சத்தம்கூட இல்லை. சம்பந்தி முன்னால் நின்று வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. கை சும்மா இருந்தால் நாக்கு நகர மாட்டேன் என்கிறது! வேறு வழியில்லாமல் கையைத் தூக்கினேன். சென், பட்! தி, பட்! தெ, பட்! அப்புறம் நிறுத்த முடியவில்லை. ட்ஸெ வரைக்கும் தட்டித் தீர்த்தேன்.

"போச்சு, என் வாழ்க்கையே போச்சு" என்று கவிதா தமிழில் முனகினாள். நான் பாறையில் மாட்டிய டிரில் பிட் மாதிரி நின்றேன்.

பின்வரிசையில் ஒரு கிழவர் எழுந்தார். அவரும் தட்டினார். அப்புறம் இன்னொருவர். கடைசியில் கூடமே எழுந்து நின்று தட்டுகிறது! இறந்தவரைக் கைதட்டி வழியனுப்புவது அவர்கள் ஊரில் உண்டாம், அமெரிக்கா வந்து விட்டுப்போச்சாம். (இதை மார்க்கோ அப்புறம்தான் சொன்னான்.) சம்பந்தி அழுதுகொண்டே என்னைக் கட்டிப்பிடித்தார். பிறகு கவிதாவை இழுத்து அணைத்து, "உங்க அப்பாவுக்கு இது எப்படித் தெரியும்?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

"அவருக்கு எல்லாமே தெரியும்" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

இப்போது அந்தக் குடும்பத்தில் யார் போனாலும் எனக்குத்தான் முதல் போன். போன மாதம் சம்பந்திக்குச் சின்ன ஆபரேஷன். ஆஸ்பத்திரி அறைக்குள் நான் நுழைந்ததும் மனுஷன் என் கையைப் பார்த்து அலறிவிட்டார்: "நாட் யெட்! நாட் யெட்!"

அதனால் நோயாளிகளைப் பார்க்கப் போகும்போது மட்டும் பூங்கொத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டுதான் போகிறேன்.