புல்லுக்குப் போர்த்திய புடவை

புல்லுக்குக் குளிருமே என்று கவலைப்பட்டுத் தூக்கம் கெட்ட மனிதர் இந்தப் பூலோகத்தில் ஒருவர்தான். கச்சிராயபாளையத்தில் நான் வாடகைக்குக் குடியிருந்தபோது எங்களுக்குப் பால் ஊற்றியவர். நிஜப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். ஊருக்கு அவர் 'போர்வை' அண்ணன்.

அவரிடம் இருந்தது ஒரே ஒரு பசு. அதற்காக வாய்க்கால் ஓரத்துத் துண்டு நிலத்தில் நேப்பியர் புல் போட்டிருந்தார். ஆடி, ஆவணியில் அது வெட்ட வெட்ட ஆள் உயரத்துக்குக் கிளம்பும். மார்கழியில் கல்வராயன் மலைப் பனி இறங்கியதோ, அப்படியே நின்றுவிடும். அண்ணனுக்கு மனசு கேட்காது. சாயங்காலமானால் வீட்டுப் போர்வைகளைக் கொண்டுபோய்ப் புல்லின்மேல் விரிப்பார். போர்வை தீர்ந்ததும் அவர் மனைவியின், அதாவது எங்கள் அக்காவின், புடவைகள் கிளம்பின.

அக்கா வாசலில் நின்று பிடித்துக்கொண்டார்.

"யோவ், நான் இங்க நடுங்கிக்கினு கெடக்குறேன், நீ புல்லுக்குப் போத்திக்கினு வர்றியா? பாலும் கம்மியாப் போச்சு. பொங்கல் முடியட்டும், மாட்ட சந்தைக்கு ஓட்டிடறேன் பாரு!"

"அதுவா பனிய வரச் சொல்லுச்சு?" என்றார் அண்ணன். மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அவருக்குச் சோறே இறங்கும். எனக்கு நிஜமாகவே பாவமாக இருந்தது.

புடவை போர்த்தியும் புல் ஒரு விரல் வளரவில்லை. அதை வெட்டவும் விடமாட்டார். "தூங்குது சார், எழுப்பக் கூடாது" என்பார்.

அக்காவா கேட்பார்? ஒருநாள் அரிவாளோடு இறங்கி அந்தக் குட்டைப் புல்லை அறுத்துவிட்டார். குழந்தைக்கு மொட்டை அடிப்பதைப் பார்க்கிற தகப்பன் மாதிரி அண்ணன் வரப்பில் நின்றார். அன்றிலிருந்து நாளுக்குக் கிடைத்தது ஒரு கையணைப்புப் புல்தான். மீதி வயிற்றைக் கரும்பின் பச்சைத் தோகையால் நிரப்பினார்கள். ஆனால் அந்தப் புல்லில் தண்டே இல்லை, அத்தனையும் இளம் இலை. ஆடி மாதத்தில் தடித்த தண்டை ஒதுக்கித் தள்ளுகிற மாடு, இப்போது தரையை நக்கித் துடைத்தது.

கொஞ்ச நாளில் என் காபி கெட்டியாகிவிட்டது.

"இன்னாண்ணே, தண்ணி ஊத்த மறந்துட்டீங்களா?" என்று கேட்டுத் தொலைத்தேன். மனிதர் அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை.

பால் கம்மிதான், ஆனால் தயிர் கத்தியால் வெட்டுகிற மாதிரி உறைந்தது. அக்கா வெண்ணெய் எடுத்துப் பார்த்தார். பொங்கல் போய்ச் சந்தை நாளும் வந்தது. மாட்டை அவிழ்க்காமல் சாணி அள்ளிக்கொண்டே அக்கா சொன்னார்: "கம்மியாக் கறந்தாலும் நல்லாக் கறக்குது. இருந்துட்டுப் போவட்டும்." அண்ணன் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அக்காவைக் கட்டிக்கொள்ளத்தான் தைரியம் வரவில்லை என்பது என் ஊகம்.

அடுத்த மார்கழியில் ஒரு காலை அந்தப் பக்கம் நடந்தேன். புல்லின்மேல் மறுபடியும் புடவைகள். பனியில் நனைந்த அவற்றைப் பிழிந்து மடித்துக்கொண்டிருந்தது அக்கா!

"இன்னாக்கா, நீங்களே போத்திட்டீங்களா? புல்லுக்குக் குளிருதுன்னு நம்பிட்டீங்களா?"

"புல்லுக்கு இன்னா சார் குளிரு? இதப் போத்தலன்னா அந்த மனுசனுக்கு இல்ல குளிருது."