மேனேஜருக்குப் பூச்சி மருந்து கொடுத்த விவரம்

எமரால்டு,
ஆவணி 12

மரியாதைக்குரிய மைத்துனர் தினகரன் அவர்களுக்கு,

பொன்னுத்துரை எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அக்கா சாந்தாமணியும் சுகம். நீங்கள் சுகமாக இருப்பதை வாட்ஸப் ஸ்டேட்டஸில் நாள்தோறும் பார்த்து மகிழ்கிறோம். நேற்று கோவா கடற்கரையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தீர்கள். இளநீரைப் பிடித்த கையால் என் போனை எடுக்க முடியாது என்பது எனக்குப் புரிகிறது. அதனால்தான் இந்தப் பதிவுத் தபால்.

ஊட்டி ஏரிக்கரையில் சவாரி விட்டு முன்னுக்கு வரப்போவதாகச் சொல்லிக் குதிரை வாங்கினீர்கள். ஒன்பதாம் நாள் உங்களுக்கு இடுப்பு வலி வந்தது. "மாமா, ரெண்டே வாரம் உங்க ஊட்டுல நிக்கட்டுங்க" என்று என் வாசலில் கட்டிவிட்டுப் போனீர்கள். இது நான்காவது மாதம். அதற்கு 'மேனேஜர்' என்று பெயர் வைத்ததும் என்மேல் உள்ள அன்பினால்தான் இருக்க வேண்டும். தேயிலை பாக்டரி ஆபீசில் முப்பத்தோரு வருடம் ஆறு மேனேஜர்களிடம் கைகட்டி நின்று ரிட்டயர் ஆனவன் சும்மா இருக்கக் கூடாது என்று ஏழாவதாக ஒருவரை அனுப்பிவைத்தீர்கள். முந்தைய ஆறு பேருக்கும் நான் லத்தி அள்ளியதில்லை.

வந்த நாளிலேயே உங்கள் மேனேஜருக்கு விலா எலும்பு துருத்திக்கொண்டிருந்தது, வயிறு மட்டும் அண்டா போல இருந்தது, வாலை வேலிக் கம்பத்தில் தேய்த்துத் தேய்த்து கம்பத்தையே சாய்த்துவிட்டார். ஊட்டியிலிருந்து கால்நடை டாக்டர் ஜெஸிந்தா அம்மா வந்து பார்த்தார். "குடல்ல பூச்சி இருக்குமாட்டத் தெரியுதுங்க. லத்தி கொண்டாங்க, டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு மருந்து எழுதறேன்" என்றார். அதை என் பழைய டிபன் பாக்ஸில் போட்டு, காலை எட்டு மணி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட் அம்மா இரண்டு வளைவு வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, சோறு கெட்டுப்போச்சாட்ட இருக்குதுங்க" என்றார். "பரவாயில்லீங்க, நான் சாப்பிடப் போறதில்லை" என்றேன். இறங்கும் வரை அவர் என் பக்கம் திரும்பவில்லை. டெஸ்டில், ஒரு கிராம் லத்தியில் ஆயிரத்து இருநூறு முட்டை என்று வந்தது. ஒன்பது நாள் சவாரியில் நீங்கள் இதைக் கவனிக்காதது இயல்புதான். நீங்கள் மேலே அல்லவா உட்கார்ந்திருந்தீர்கள்.

டாக்டர் எழுதிய சீட்டை வீட்டிலேயே மறந்துவிட்டு, உரம், பூச்சிக்கொல்லி, மாட்டு மருந்து எல்லாம் விற்கும் நூர் முகமது பாய் கடைக்குப் போனேன். "பாய், மேனேஜருக்குப் பூச்சி மருந்து வேணுமுங்க. சத்தமில்லாம வாய்ல கொடுத்துரணும்" என்றேன். பாய் என்னைக் கூர்ந்து பார்த்து, ஸ்டூலில் உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்தார். "ரிட்டயர் ஆயாச்சு. பழசையெல்லாம் மனசுல வெக்காதீங்க" என்று தோளைத் தடவினார். நான் டீ குடித்து முடிப்பதற்குள் பாக்டரிக்குப் போன் போய்விட்டது. வீட்டுக்கு வந்தால் நிஜ மேனேஜர் லைனில் இருந்தார். "பொன்னுத்துரை, உங்க மேல எனக்கு எப்பவுமே மரியாதைதானுங்க" என்றார். முப்பத்தோரு வருட சர்வீசில் எந்த மேனேஜரும் சொல்லாத வார்த்தை. அதற்காக உங்களுக்கு நன்றி.

மறுநாள் டாக்டர் சீட்டைக் காட்டி மருந்தை வாங்கினேன். அது ஊசியில்லாத சிரிஞ்சில் வரும் பசை. குதிரையின் எடைக்கு எந்த அளவோ அங்கே சிரிஞ்சுத் தண்டிலுள்ள வளையத்தை நிறுத்தி, கடைவாய் ஓரம் பல்லில்லாத சந்தில் நுழைத்து, நாக்கின் பின்பக்கம் தள்ள வேண்டும். எடையை அறிய நெஞ்சைச் சுற்றி அளக்க வேண்டும் என்றார்கள். உங்கள் அக்காவின் தையல் டேப் பாதியிலேயே நின்றுவிட்டது, அவளுடைய பாவாடை நாடாவை முடிச்சுப் போட்டு அளந்தோம். தள்ளினேன். மேனேஜர் அமைதியாக வாங்கிக்கொண்டார். "பாத்தியா, இவ்வளவுதான்" என்று நான் சாந்தாமணியிடம் சொல்ல வாயைத் திறந்த நேரம் பார்த்து மொத்தத்தையும் என் முகத்தில் துப்பினார். ஆப்பிள் ருசி. எனக்குப் பூச்சித் தொல்லை இனி இருக்காது.

அதன்பிறகு உங்கள் அக்கா பொறுப்பை எடுத்துக்கொண்டாள். ஒரு வாரம் காலி சிரிஞ்சில் வெல்லத் தண்ணீர் ஊற்றித் தினமும் கொடுத்தாள். எட்டாம் நாள் சிரிஞ்சைக் கண்டதும் அவரே வாயைக் காட்டினார். புதிதாக வாங்கிய பசை உள்ளே போனது.

மறுநாள் மத்தியானம் மேனேஜர் தரையில் விழுந்து புரண்டார். உடம்பெல்லாம் வேர்வை. வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். டாக்டர் போனில், "பூச்சி ரொம்ப இருந்தா சாகறப்ப இப்படி வயிறு நோகுமுங்க. நான் வர்ற வரைக்கும் படுக்க உடாதீங்க, நடத்துங்க" என்றார். தூறலில் முட்டைக்கோசுத் தோட்டத்தைச் சுற்றி இரண்டு மணி நேரம் கயிற்றைப் பிடித்து நடந்தேன். அவர் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார். என்ன கனம் தெரியுமா? டாக்டர் வந்து ஊசி போட்டு, லத்தி விழுந்துவிட்டால் பயமில்லை என்றார். சாயங்காலம் மேனேஜர் லத்தி போட்டார். அதைப் பார்த்து நானும் உங்கள் அக்காவும் அழுதோம் என்பதைக் கோவாவில் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ஆகவே, வருகிற சனிக்கிழமைக்குள் நீங்கள் நேரில் வந்து குதிரையை ஓட்டிக்கொண்டு போகவும். என் வயதுக்கும் முதுகுக்கும் இது ஆகாது. இது என் இறுதி முடிவு. உங்கள் இடுப்பு சீக்கிரம் குணமாகவும், சகல சௌபாக்கியங்களும் உண்டாகவும் அவலாஞ்சி பவானியம்மனை வேண்டிக்கொள்ளும்,

பொன்னுத்துரை

பி.கு.: கவரை ஒட்டும் நேரத்தில் குன்னூரிலிருந்து ஒருவர் லாரியோடு வந்தார். நீங்கள் குதிரையைத் தனக்கு விற்றுவிட்டதாகச் சொன்னார். மேனேஜர் லீவில் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். சனிக்கிழமை நீங்கள் வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையும்.