மேனாம்பேட்டில் ஓர் உரோமாபுரிக் கால்வாய்

மேனாம்பேடு, அம்பத்தூர்.
ஆகஸ்ட் 1996, சனிக்கிழமை இரவு.

மதிப்பிற்குரிய 'வாரச் சாளரம்' ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் அலுவலகத்தாரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தங்கள் அச்சு இயந்திரம் மட்டும் ஒரு மாதம் பழுதாகிக் கிடந்தால் எனக்கு வருத்தமில்லை. முன்பின் தெரியாத பெண் எடுத்த எடுப்பிலேயே இப்படி எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். குழந்தை தூங்கிவிட்டாள். எல்லாவற்றுக்கும் காரணமான மனிதர் அவளுக்கும் முன்னாலேயே தூங்கிவிட்டார். விடிந்தால் ஹவுஸ் ஓனர் வருகிறார் என்பதால் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

நான் வரலாற்றில் பி.ஏ. படித்தவள். என் கணவர் உத்தமன் ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்க்கிறார். ஒரு போல்ட் தலைமயிர் அளவு பருத்திருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார். நான் சுடும் தோசைக்கும் அதே கதிதான். நல்ல மனிதர், குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஒரே ஒரு குறை, எதுவும் அச்சில் வந்தால்தான் அவருக்கு உண்மை. மூன்று வருடம் கல்லூரியில் உட்கார்ந்து உரோமாபுரியைப் பக்கம் பக்கமாகப் படித்தவள் பக்கத்திலேயே இருக்கிறேன். நான் சொன்னால் அது அடுக்களைப் பேச்சு. தங்கள் பத்திரிகையில் பேராசிரியர் தங்கவேல் எழுதும் 'உரோமாபுரி உலகுக்குத் தந்தவை' என்றால் அது வேதம். உரோமாபுரி உலகுக்கு என்ன தந்ததோ எனக்குத் தெரியாது, எனக்கு என்ன தந்தது என்பதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் சாலை வந்தது. உரோமானியர் போட்ட சாலை நடுவில் மேடாகவும் இருபுறமும் சரிந்தும் இருக்கும், அதனால் மழைநீர் தேங்காது, இன்றைய நெடுஞ்சாலைக்கெல்லாம் அதுவே முன்னோடி என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் காம்பவுண்டுக்குள் கேட்டிலிருந்து கழிப்பறை வரை செங்கல் ஜல்லி கொட்டி, திம்சுக் கட்டையால் இடித்து அப்படியே ஒரு சாலை போட்டார். தண்ணீர் தேங்கவில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். சாலைக்கு ஒரு பக்கம் மதில் சுவர், மறு பக்கம் எங்கள் மூன்று குடித்தனங்களின் வாசல்படி. அன்றைக்குப் பெய்த மழையில் பாதி மதிலில் மோதியது, மீதிப் பாதி அரிசி மூட்டை வரைக்கும் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போனது.

அடுத்து வெந்நீர்க் குளியல் கூடம். தரைக்கு அடியில் நெருப்பு மூட்டித் தரையையே சூடாக்குவார்களாம். ஐயா, அம்பத்தூரில் தரையைச் சூடாக்க யாராவது நெருப்பு மூட்ட வேண்டுமா? இவர் மூட்டினார். குளியலறைக்கு அடியில் பள்ளம் தோண்டி உமியைக் கொட்டிப் பற்றவைத்தார். நடு வீட்டு ஜமீலா புகையைப் பார்த்துவிட்டு ஒரு வாளி மணலோடு ஓடி வந்தாள். "அக்கா, இன்னாக்கா எரியுது?" என்றாள். "நாகரிகம் எரியுதுடி" என்றேன். அவள் மணலைக் கொட்டியது நான் காயப்போட்டிருந்த வடகத்தின் மேல்.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கொண்டேன். அதற்கடுத்த வாரம் கால்வாய்ப் பாலத்தைப் படத்தோடு போட்டீர்களே, அதோடு என் நிம்மதி போயிற்று. வளைவு வளைவாகத் தூண்கள், மேலே தண்ணீர் ஓடும் வாய்க்கால். அந்தப் படத்தை அவர் ஜாதகம் பார்ப்பதுபோல் பார்த்தார். எங்கள் காம்பவுண்டில் அடி பம்பு கிழக்குக் கோடியில் எல்லம்மா வீட்டு வாசலில் இருக்கிறது, எங்கள் வீடு மேற்குக் கோடியில் இருக்கிறது. தினமும் நான் குடம் சுமந்து நடப்பதைப் பார்த்து மனம் உருகித்தான் ஆரம்பித்தார், அதில் குற்றம் சொல்ல மாட்டேன். "ஒரு பிளாஸ்டிக் குழாய் வாங்கிப் போட்டா போதாதா?" என்று கேட்டேன். "உரோமாபுரிக்காரன் பிளாஸ்டிக்கா போட்டான்? அவன் கட்டினது ரெண்டாயிரம் வருஷமா நிக்குது" என்றார். "நமக்கு அடுத்த ஆடி வரைக்கும் நின்னா போதும்" என்று சொன்னதற்கு, வரலாறு படித்தவள் பேசும் பேச்சா இது என்று வருத்தப்பட்டார்.

சிமெண்டு கூடாதாம். உரோமானியர் சுண்ணாம்போடு எரிமலைச் சாம்பலைக் கலந்தார்களாம். மேனாம்பேட்டில் எரிமலைக்கு எங்கே போவது? எல்லம்மா இட்லி சுட்டு விற்பவள், அவள் விறகடுப்புச் சாம்பலைக் கூடை கூடையாக வாங்கி வந்தார். எல்லம்மா ஒரு நாள் கத்தி நானும் கேட்டிருக்கிறேன், எரிமலை என்பதில் தப்பில்லை. ஆனால் சாம்பல் இன்னும் இறுகவில்லை. "நாளாக ஆகத்தான் கல்லாகும்" என்கிறார். எத்தனை நாள் என்று பேராசிரியர் எழுதவில்லையாம்.

ரசமட்டம் வைத்து, நூல் பிடித்து, தொழிற்சாலைத் துல்லியத்தோடு சரிவு கொடுத்துக் கட்டி முடித்தார். பம்புக்குப் பக்கத்தில் உயரமாக ஒரு மேடை, அதன் மேல் ஒரு டிரம். டிரம்மிலிருந்து தண்ணீர் புறப்பட்டு எல்லம்மா ஜன்னல் மேல், ஜமீலா ஜன்னல் மேல் என்று ஓடி எங்கள் அடுக்களைக்கு வர வேண்டும். வருகிறது. ஆனால் டிரம்மில் தண்ணீர் யார் ஊற்றுவது? உரோமாபுரியில் மலை ஊற்றிலிருந்து தண்ணீர் தானாக இறங்கி வந்தது. மேனாம்பேட்டில் மலை இல்லை. அதற்குப் பதில் நான் இருக்கிறேன். முன்பு பம்பு அடித்துக் குடத்தைத் தூக்கி நடந்தேன். இப்போது பம்பு அடித்து, குடத்தோடு முக்காலியில் ஏறி, டிரம்மில் கவிழ்த்து, இறங்கி, மறுபடி அடிக்கிறேன். நான் அடுக்களைக்குத் திரும்பும்போது அங்கே சொட்டுச் சொட்டாக ஒரு டம்ளர் தண்ணீர் வந்திருக்கும், ஒரு காக்கை குளித்துவிட்டுப் போன தண்ணீர்.

மீதி எங்கே போனது என்று பார்த்தால், எல்லம்மா வாய்க்காலில் ஒரு ஓட்டை போட்டுத் துணி அடைத்து வைத்திருக்கிறாள். வேண்டும்போது துணியை உருவினால் அவள் அண்டா நிறைகிறது. கேட்கப் போனேன்.

"இன்னாமே கேக்குற? என் ஊட்டு ஜன்னல் மேல தண்ணி வுட்டுக்கினு போறாரு உன் ஊட்டுக்காரு. நான் எதுனா கேட்டனா? தண்ணி என் ஊட்டாண்ட வந்துச்சு, நாலு குடம் நின்னுட்டுப் போவுது. ரயிலே பட்டாபிராம்ல நின்னுட்டுத்தான போவுது?"

ஜமீலாவும் ஓட்டை போட்டுவிட்டாள், ஆனால் மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போட்டாள். உரோமாபுரியிலும் இதே திருட்டு நடந்தது, வழியில் இருந்தவர்கள் எல்லாம் ஓட்டை போட்டார்கள், எங்கள் பாடத்திலேயே இருந்தது. அதைச் சொன்னேன். இவருக்குப் பெருமை தாங்கவில்லை. "அப்ப நாம சரியாத்தான் கட்டியிருக்கோம்!" என்கிறார்.

இனிதான் விஷயம். போன ஞாயிறு எங்கள் ஹவுஸ் ஓனர் லோகநாதன் வந்தார். வாசலில் நின்று ஒரு முறை பார்த்தார். "சார், அடுத்த நாயித்துக்கெயம நான் வரசொல்லோ இந்தப் பாலம் இங்க இருக்கக் கூடாது. பாலம் இருந்துச்சின்னா நீங்க இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு, காபிகூடக் குடிக்காமல் போய்விட்டார். எங்கள் மகள் தேன்மொழியை இந்த ஜூனில்தான் தெருக்கோடிப் பள்ளியில் எல்.கே.ஜி. சேர்த்தோம். அந்த இடத்துக்காக விடிவதற்கு முன்னால் போய் வரிசையில் நின்றவள் நான். வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் அவள் பள்ளிக்கூடக் கேட்டுக்குள் நுழைவது தெரியும், அந்தத் தைரியத்தில்தான் அனுப்புகிறேன். இவரோ, "காலி பண்ணச் சொன்னா திருநின்றவூர் போயிடலாம், அங்க வாடகை கம்மி, இடமும் தாராளமா இருக்கும், பெரிய கால்வாயாவே கட்டலாம்" என்கிறார். நாலு வயதுக் குழந்தை மின்சார ரயிலில் தொங்கிக்கொண்டு எல்.கே.ஜி. போகுமா ஐயா?

நானே இடித்துவிடலாம் என்று இன்று மத்தியானம் கடப்பாரையை எடுத்தேன். வளைவில் ஒரு கல்லை உருவினால் எல்லாக் கல்லும் சேர்ந்து ஜமீலாவின் அடுப்படியில் இறங்கும் என்று இவர் ஓடி வந்து தடுத்தார். எல்லம்மா அதற்கு மேல். "கை வெச்சுப் பாரு! தண்ணி ஊட்டாண்ட வர வுட்டுட்டு இப்ப இடிக்கிறியா? நாங்க மறுபடி முக்காடு போட்டுக்கினு வெய்யில்ல பம்பு அடிக்கணுமா?" என்றாள். இப்போது வெயிலில் பம்பு அடிப்பது யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது.

இந்தக் கடிதம் தங்களுக்குக் கிடைக்கும்போது நாங்கள் எந்த ஊரில் இருப்போமோ தெரியாது. போகிற வீட்டிலாவது நான் நிம்மதியாக இருக்க வேண்டும். அடுத்த வாரம் 'உரோமாபுரியின் மாபெரும் பாதாளச் சாக்கடை' என்று அறிவிப்பு போட்டிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது அவர் முகத்தை நான் பார்த்தேன். தயவுசெய்து தொடரை நிறுத்துங்கள். முடியாவிட்டால், 'உரோமாபுரி அழிந்துவிட்டது' என்று ஒரு வரியாவது கொட்டை எழுத்தில் போடுங்கள். நான் பல முறை சொல்லிப் பார்த்துவிட்டேன், நம்ப மறுக்கிறார்.

தங்கள் வீட்டில் எல்லாரும் ஆரோக்கியமாக இருக்கட்டும், குழாயைத் திறந்தால் தண்ணீர் வரட்டும், தங்கள் வீட்டு ஆண்கள் எதையும் படிக்காமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
சுகுணா உத்தமன், பி.ஏ.

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை தபால் எடுக்க மாட்டார்கள் என்பதால் கடிதம் இன்னும் என் கையில்தான் இருக்கிறது. லோகநாதன் காலையிலேயே வந்துவிட்டார். நான் தேன்மொழியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அழத் தயாராக நின்றேன். அவர் நேராக வளைவுக்குள் குனிந்து அந்தப் பக்கம் போனார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்து இந்தப் பக்கம் வந்தார். பிறகு, "சார், இத்தயே கொஞ்சம் பெர்சா கட்ட முடியுமா? லாரி பூந்து போற மேரி?" என்று கேட்டார். வரப்போகும் நகராட்சித் தேர்தலில் எங்கள் வார்டுக்கு நிற்கிறாராம். தெருமுனையில் மூங்கிலில் வைத்த அலங்கார வளைவு காற்றுக்கு ஒரு பக்கமாகப் படுத்துவிட்டதாம். "ரெண்டாயிரம் வருஷம் நிக்கும் சார்" என்றார் என் கணவர். "எலெக்சன் வரிக்கும் நின்னா போதும்பா" என்றார் அவர். காலி செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இரண்டு காபி குடித்தார்.

ஆகவே தொடரை நிறுத்திவிட வேண்டாம். சாக்கடை எங்கும் ஓடிப் போகாது, அதைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்த இதழிலேயே உரோமாபுரியின் வெற்றி வளைவுகளைப் படத்துடன் போடுங்கள். வளைவின் உச்சியில் நடுக்கல்லை எப்படி இறுக்குவது என்று பேராசிரியர் விளக்கமாக எழுதட்டும், வரைபடத்தை நானே போட்டுக்கொள்கிறேன், இவரிடம் விட முடியாது. கூடவே உரோமானியர் தேர்தலில் எப்படி ஜெயித்தார்கள் என்றும் இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். தேன்மொழி அந்தப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கும் வரையிலாவது லோகநாதன் கவுன்சிலராக இருந்தாக வேண்டும்.