இருபதாவது மேற்கோள்

மேற்கோள் எண்ணி என்றொரு மனித இனம் உண்டு. அடையாளம் காண்பது சுலபம். எதிரே வரும் ஆராய்ச்சியாளரிடம் "உங்கள் கட்டுரையைப் படித்தேன், அருமை" என்று சொல்லிப் பாருங்கள். மகிழ்ந்தால் அவர் வேறு இனம். "படித்தது இருக்கட்டும், எங்காவது மேற்கோள் காட்டினீர்களா?" என்று கேட்டால் அவரேதான்.

போர்ட் பிளேரில், டாலிகஞ்ச் பகுதியில், இந்த இனத்தின் முற்றிய மாதிரி ஒன்று வாழ்ந்தது. டாக்டர் குருநாதன். எலிக்காய்ச்சல் ஆராய்ச்சி, ஓய்வுபெற்று நான்கு வருடம். அவரும் மகள் சுகிர்தாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவியது. நெட்வொர்க் இன்ஜினியரான மகள் தொட்டிக்குள் இறங்கிப் பாசி தேய்க்க, தகப்பனார் மேலிருந்து போன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று உள்ளே இருட்டிவிட்டது.

"அப்பா, லைட்டு."

"ஒரு நிமிஷம்மா. பேஜ் திறக்குது."

"எத்தனை?"

"பத்தொன்பதேதான்."

நான்காம் நாள் மாரடைப்பில் போய்விட்டார். எண் மட்டும் அங்கேயே நின்றது.

அது என்ன பத்தொன்பது? உங்களுடைய இருபது கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் குறைந்தது இருபது முறை, உலகத்தில் யாராவது தங்கள் கட்டுரைகளில் மேற்கோள் காட்டியிருந்தால் உங்கள் குறியெண் இருபது. குருநாதனின் பத்தொன்பது கட்டுரைகள் அந்த வேலியைத் தாண்டிவிட்டன. இருபதாவது, தீவின் வடகோடியில் இருக்கும் திக்லிபூர் நெல்வயல்களிலும் பாக்குத் தோப்புகளிலும் வேலை செய்யும் இருநூற்றுப் பதினான்கு பேரின் ரத்தத்தைச் சோதித்து எழுதியது, பத்தொன்பது மேற்கோளோடு வேலிக்கு இந்தப் பக்கம் நொண்டிக்கொண்டிருந்தது. ஒன்றே ஒன்று குறைவு. மூன்று வருடமாக.

இந்த இனத்துக்குச் சில பழக்கங்கள் உண்டு. காலையில் காப்பிக்கு முன் எண்ணைப் பார்ப்பார்கள். காப்பிக்குப் பின், காப்பி நேரத்தில் மாறியிருக்குமோ என்று பார்ப்பார்கள். கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார் என்று கேட்கமாட்டார்கள், எதில் வெளியிட்டிருக்கிறார் என்று கேட்பார்கள். தன்னைத் தானே மேற்கோள் காட்டிக்கொள்வதை, தன் வீட்டு விருந்தில் தானே முதல் பந்தியில் உட்காருவதுபோல, கொஞ்சம் கூச்சத்தோடும் நிறையப் பசியோடும் செய்வார்கள். திட்டு விழுந்தாலும் கவலையில்லை. வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஒருமுறை, குருநாதனின் முடிவுகளை நம்புவது கடினம் என்று எழுதினார். வீட்டில் அன்று பாயசம்.

வெளியூர் போவதுதான் சிரமம். ஒரு காலத்தில் குருநாதன் திக்லிபூரில் முழங்கால் சேற்றில் நின்றவர்தான். எண் போனுக்குள் வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. திக்லிபூர் போகும் வழியில் ஜிர்காட்டாங் சோதனைச் சாவடியைத் தாண்டினால் சிக்னல் போய்விடும். "ஒரு நாள் பூரா பஸ்ல. அந்த நேரத்துல இருபது வந்துட்டா?" என்பார். மனைவி பங்கஜம் கேட்பாள்: "வந்தா உள்ளே விட்டு உக்கார வைக்கிறேன். நீங்க போயிட்டு வாங்க."

போகவில்லை.

துக்கம் விசாரிக்க வந்தவர்களில் அருண்பிரசாத்தும் ஒருவர். குருநாதனிடம் வேலை பழகிய இளைய ஆராய்ச்சியாளர். சுகிர்தாவைத் தனியே கூப்பிட்டார்.

"மேடம், சார் எவ்வளவுல நிக்கிறாரு?"

"பத்தொன்பது. திக்லிபூர் பேப்பருக்கு ஒண்ணு குறையுது."

"அடடா, ஒண்ணுதானே? என் பேப்பர் ஒண்ணு ரெடியா இருக்கு. எங்கயாவது சாரை உள்ள சொருகிடறேன். நீங்க டென்ஷன் ஆகாதீங்க."

மற்றவர்கள் மலர்வளையம் கொண்டுவந்தார்கள். இவர் ஒரு அடிக்குறிப்பு கொண்டுவந்தார். சுகிர்தா அழுதது அப்போதுதான்.

இங்கே நமது கேலி கொஞ்சம் இடம் மாறுகிறது. பதினைந்து வருடம் அப்பாவைப் பார்த்துச் சிரித்த இந்தப் பெண், அவர் போன மூன்றாம் நாளே ஒரு சின்ன புரோகிராம் எழுதினாள். பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை அது அப்பாவின் பக்கத்தைப் போய்ப் பார்க்கும். எண் மாறினால் மணி அடிக்கும். அப்பா பாவம், கையால் பார்த்தவர். மகள் படித்தவள்.

"அவருக்காவது பொழப்பு அது. உனக்கு என்னடி நோவு?" என்றாள் பங்கஜம்.

"சும்மா மானிட்டரிங்மா."

"அவரும் சும்மான்னுதான் சொல்வாரு."

நாற்பத்தேழாம் நாள் மணி அடித்தது. அலுவலகக் கூட்டத்தின் நடுவில் சுகிர்தா எழுந்து நின்றுவிட்டாள். மேலதிகாரி பயந்துபோய், "கடலுக்கடியில கேபிள் கட்டா?" என்றார். "இருபது சார்" என்றாள். அவர் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

அருண்பிரசாத்தின் கட்டுரையைத் திறந்து அப்பாவைத் தேடினாள். பன்னிரண்டு பக்கம். முதல் பக்கத்திலேயே இருந்தார், முப்பத்தொன்றாம் எண்ணாக. இருநூற்றுப் பதினான்கு பேரின் ரத்தமும் இரண்டு வருடச் சேறும் எந்த உண்மைக்குச் சாட்சியாக நிறுத்தப்பட்டிருந்தன? அந்த வாக்கியம் இது: "இத்தீவுகளில் மழை அதிகம்."

கோபித்தாளா? இல்லை. அம்மாவைக் கூப்பிட்டு, "இருபது வந்துடுச்சும்மா" என்றாள். மழையைப் பற்றிச் சொல்லவில்லை. எண்ணுபவர்கள் சொல்வதில்லை.

மறுநாள் அப்பாவின் போன் அடித்தது.

"டாக்டர் சாப் இருக்காங்களா? திக்லிபூர் ஒச்சம்மா பேசுறேன். பாக்குத் தோட்டம். ரத்தம் குடுத்தோம்ல."

"அப்பா தவறிட்டாங்கம்மா. ரெண்டு மாசம் ஆகப்போகுது."

"அய்யய்யோ. நல்ல மனுஷன். எங்க வீட்டுக்காரர் போனப்ப போன்ல அரை மணி நேரம் பேசினாரும்மா. என்னைவிட அவருதான் அழுதாரு."

"வீட்டுக்காரருக்கு என்ன ஆச்சு?"

"காய்ச்சல்தான். ரத்தம் குடுத்த மறு மழையில. சாதா காய்ச்சல்னு கடையில கோலி மாத்திரை வாங்கிப் போட்டோம். அஞ்சு நாளு. சரி, அதை விடு. ரிசல்ட்டு சீட்டு எழுதி வச்சிருக்கேன், நானே கொண்டாந்து குடுக்கறேன்னு வருஷா வருஷம் சொன்னாரு. அது இருக்கா பாரு பேட்டி, மகளே. என்னுதும் அவருதும்."

இருந்தது. பீரோவில், பழுப்பு உறையில், ஊர்வாரியாக அடுக்கி, கிளிப் போட்டு. இருநூற்றுப் பதினான்கு சீட்டுகள், ஒவ்வொன்றிலும் அப்பாவின் கையெழுத்தில் பெயர். ஒச்சம்மாவின் சீட்டு எண் எண்பத்தேழு, கணவருடையது எண்பத்தெட்டு. எண்பத்தெட்டில் எழுதியிருந்தது: இவருக்கு எலிக்காய்ச்சல் வந்து போன தடயம் இருக்கிறது. வெறுங்காலோடு சேற்றில் இறங்க வேண்டாம். மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகவும்.

தேதியைப் பார்த்தாள். ஒச்சம்மாவின் கணவரைக் கொண்டுபோன அந்த மழைக்கு எட்டு மாதம் முந்தைய தேதி.

அப்பா ஏன் அந்தச் சாவுக்குப் பிறகு ஒரு நாளும் திக்லிபூர் பஸ் ஏறவில்லை என்பது சுகிர்தாவுக்குப் புரிந்தது. சிக்னல் ஒரு சாக்கு. எண்ணைப் பார்க்கிறவன் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் எண்.

"இருக்கும்மா. படிக்கட்டுமா?"

"போன்ல வேணாம். கையில குடு. எனக்குப் படிக்கத் தெரியாது, நீ பக்கத்துல உக்காந்து சொல்லு."

"அடுத்த வாரம் வர்றேன்."

"உங்கப்பாவும் இப்படித்தான் சொல்வாரு" என்றாள் ஒச்சம்மா. குற்றமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

அது நடந்து ஐந்து வாரம். ஒரு வாரம் பஸ்ஸில் சீட் இல்லை, ஒரு வாரம் பாதையில் மண்சரிவு, ஒரு வாரம் லீவு இல்லை, மிச்ச இரண்டு வாரத்துக்குச் சுகிர்தா இன்னும் காரணம் தேடிக்கொண்டிருக்கிறாள். நடுவில் அந்தப் புரோகிராமைத் திருத்தி, இப்போது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க வைத்திருக்கிறாள். இருபத்தொன்றுக்கு இன்னும் ஆறு வேண்டும்.

நீங்கள் ஆராய்ச்சியாளர் அல்ல. உங்களுக்கு இந்த நோய் இல்லை. நல்லது. நேற்று நீங்கள் போட்ட படத்தை எத்தனை பேர் பார்த்தார்கள்? யோசிக்காமல் சொல்லிவிட்டீர்கள் பாருங்கள். இனி, "அடுத்த வாரம் வர்றேன்" என்று நீங்கள் கடைசியாக யாரிடம் சொன்னீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். அவசரமில்லை. ஒச்சம்மாவின் சீட்டும் இன்னும் டாலிகஞ்சில்தான் இருக்கிறது.